டீசல் வண்டியின் டர்போவை வீட்டிலே மாற்றுதல்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்களுள் டீசல் வண்டியை நம்பி வாழ்வோர் பலர். புனேயிலோ சூரத்திலோ சரக்கு ஏற்றிச் செல்லும் பொலேரோ பிக்கப் ஆயினும் சரி, விடுமுறைதோறும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து திரும்பும் பழைய ஸ்விப்ட் ஆயினும் சரி, ஒருநாள் மேட்டில் ஏற மாட்டாமல் திணறி நீலப் புகையைக் கக்கத் தொடங்கினால், பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்லும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: “டர்போ போய்விட்டது.” அதற்கு அவர் கூறும் தொகை ஒரு சிறு குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்கிவிடக் கூடியது. ஆகவே, ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையுடையவர்கள் இதை நாமே கழற்றி மாட்டினால் என்ன என்று எண்ணுவது இயல்பே.

மாட்டலாம். ஆனால் கழற்றுவதும் மாட்டுவதும் இக்காரியத்தில் பாதிகூட அல்ல. டர்போ தானாகச் சாவது அரிது. பெரும்பாலும் வேறொன்று அதைக் கொல்லுகிறது. கொன்றது எது என்று கண்டுபிடியாமல் புதியதை மாட்டினால், புதியதும் பழையது போன வழியிலேயே போய்ச் சேரும். சில சமயங்களில் முதல் அரைமணி நேரத்திற்குள்ளேயே அது நிகழ்ந்துவிடும். இரண்டாவது டர்போவுக்கும் பணம் கொடுத்துவிட்டுக் கடைக்காரரைக் குறை கூறி நிற்பவர்களை எந்த ஊரிலும் காணலாம். இக்கட்டுரையில் ஸ்பேனர் வேலையைச் சுருக்கமாகவும், காரணம் தேடும் வேலையை விரிவாகவும் கூற எண்ணுகிறோம்.

முதலில் இக்கருவி செய்யும் வேலையைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் எரிபொருள் எரிந்து பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு கலந்து வெளியே போய்விடுகிறது. இவ்வாறு வீணாகும் சக்தியைக் கொண்டே எஞ்சினுக்கு மிகுதியான காற்றை ஊட்டலாம் என்று கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் புக்கி. அவருடைய காப்புரிமை 1905ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது நடைமுறையில் வெற்றி பெற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மானியப் பயணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் புக்கியின் முறை கையாளப்பட்டபோது, 1,750 குதிரைத் திறன் கொண்டிருந்த எஞ்சின் 2,500 குதிரைத் திறனைத் தந்தது. எஞ்சினின் பருமன் கூடவில்லை. உள்ளே சென்ற காற்றே கூடியது. காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டி முழுமையாக எரிக்கலாம்.

இதற்கிடையே 1918ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் சான்போர்டு மாஸ் என்பார் ஒரு விமான எஞ்சினை, 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் இழக்கும் சக்தியை டர்போ மீட்டுத் தருகிறதா என்று பார்ப்பதே நோக்கம். மீட்டுத் தந்தது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். மணாலிக்கும் லேயிற்கும் வண்டி ஓட்டும் நம்மவர்கள், கெட்ட டர்போவோடு அம்மலைகளில் ஏறுவது எத்தகையது என்பதை நாம் சொல்லாமலே அறிவார்கள்.

டர்போவின் அமைப்பு எளிது. ஒரு தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு விசிறிச் சக்கரங்கள். ஒரு பக்கத்துச் சக்கரத்தை எஞ்சினின் புகை சுழற்றுகிறது. இதைப் புகைச் சக்கரம் என்போம். மறுபக்கத்துச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது; இது காற்றுச் சக்கரம். நெருக்கப்பட்ட காற்று சூடாகிவிடுவதால், அதைக் குளிர்விக்க நடுவில் இண்டர்கூலர் என்னும் ரேடியேட்டர் போன்ற ஒரு பெட்டி உண்டு.

அமைப்பு எளிதே ஆயினும் அது வாழும் நிலை கொடியது. சிறு டீசல் கார்களில் அந்தத் தண்டு நிமிஷத்திற்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலுகிறது. புகைப் பக்கத்தில் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இவ்வளவு வேகத்தில் தண்டு எந்த உலோகத்தையும் தொட்டுக்கொண்டு சுழல முடியாது. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தோடு வரும் எண்ணெயின் மேல் அது மிதக்கிறது. அந்த எண்ணெய்ப் படலம் தலைமயிரின் பருமனைவிட மெல்லியது. சில விநாடிகள் எண்ணெய் வராவிட்டாலும், வரும் எண்ணெயில் மணல் போன்ற ஒரு துகள் இருந்தாலும் தண்டும் புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்க்கும். தேய்ந்தபின் தண்டு ஆடும், சக்கரத்தின் இறகுகள் கூட்டில் உரசும், முடிவு அதுவே.

இனி நோயை அறிதல். வண்டியில் இழுவை குறைந்தாலே டர்போ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுதல் கூடாது. ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். இண்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஓஸ் கிழிந்திருக்கலாம், அல்லது அதன் கிளிப்பு தளர்ந்திருக்கலாம். அப்போது கரும்புகை வரும், மிதிக்கும்போது ‘உஸ்’ என்று காற்று கசியும் ஓசை கேட்கும். டர்போவை ஆளும் சிறு வாக்யூம் குழாய் வெடித்திருக்கலாம். புகை திரும்பும் ஈ.ஜி.ஆர். வால்வு கரிபிடித்து நின்றிருக்கலாம். இவை யாவும் சில நூறு ரூபாயிலோ சில ஆயிரத்திலோ தீரும் கோளாறுகள். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிய பிறகே டர்போவின்மேல் கைவைக்க வேண்டும்.

டர்போ கெட்டதற்குரிய குறிகள் வேறு. நீலப் புகை, எண்ணெய் அளவு நாளுக்கு நாள் குறைதல், முன்பு மெல்லிய சீழ்க்கையாக இருந்த ஒலி சங்கு ஊதுவது போன்ற ஓலமாக மாறுதல். நம் ஊரில் வண்டி ஆயில் குடிக்கிறது என்போம்; வடநாட்டுப் பட்டறைகளில் எஞ்சின் ஆயில் தின்கிறது என்னும் பொருளில் “ஆயில் கா ரஹா ஹை” என்பார்கள். குடித்தாலும் தின்றாலும் நோய் ஒன்றே. ஆயினும் தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் எண்ணெயை எரிக்கும் என்பதை மறக்கலாகாது.

எஞ்சின் முற்றும் ஆறிய பின்னர், ஏர் பில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஓஸைக் கழற்றிக் காற்றுச் சக்கரத்தின் நடு முனையை விரல்களால் பிடித்துப் பாருங்கள். அது தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆடினால் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணெய் அழுத்தம் இல்லாத நிலையில் அவ்வாட்டம் இயற்கை. ஆனால் ஆடும்போது இறகு கூட்டின் சுவரைத் தொட்டாலோ, தண்டு முன்னும் பின்னும் நகர்வது விரலுக்குத் தெரிந்தாலோ அந்த டர்போவுக்கு ஆயுள் முடிந்தது. ஓஸின் உட்புறம் மெல்லிய எண்ணெய்ப் பசை இருப்பது குற்றமன்று. எஞ்சினின் பிரீதர் குழாயிலிருந்து அது வருவதுண்டு. எண்ணெய் தேங்கி நின்றால்தான் கவலை.

வீட்டிலே செய்யத்தக்க வேலையா என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். எல்லா வண்டிகளும் ஒரே தன்மையன அல்ல. பியட் நிறுவனம் வகுத்த 1,248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் நம் நாட்டில் ஸ்விப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எனப் பல கார்களில் இடம்பெற்றதால், அதற்கு ‘தேசிய டீசல் எஞ்சின்’ என்ற செல்லப் பெயரே வழங்கியது. மாருதி 2020இல் டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் இவ்வெஞ்சின் பூட்டிய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இதிலேயே இருவகை உண்டு. 75 குதிரைத் திறன் வகையில் டர்போவின் புகைப் பக்கம் மாறாத அமைப்புடையது. 90 குதிரைத் திறன் வகையில் புகைச் சக்கரத்தைச் சுற்றித் திறந்து மூடும் இறகுகள் உண்டு. முதல் வகை வீட்டு வேலைக்கு இணங்கும். இரண்டாவது வகையிலும் மாட்டலாம். ஆனால் இறகுகளை அசைக்கும் ஆக்சுவேட்டரைச் சரிபார்க்கக் கருவி வேண்டியிருக்கும். மின்சார மோட்டாரால் அசையும் ஆக்சுவேட்டர் கொண்ட புதிய வண்டிகளில், மாட்டியபின் கம்ப்யூட்டர் கருவியை இணைத்து அதற்குப் பழக்கிவிட வேண்டிய கட்டாயம் பலவற்றில் உண்டு. அத்தகைய வசதி இல்லாதவர்கள் அவ்வேலையைப் பட்டறைக்கு விடுவதே நன்று. பி.எஸ். 6 வண்டியாயின், எரிந்த எண்ணெய் புகை வடிகட்டியையும் அடைத்திருக்கக் கூடும். அதையும் சோதிக்க வேண்டும்.

உதிரி வாங்கும் இடத்தில் ஓர் எச்சரிக்கை. தில்லியில் காஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே. சி. ரோடு ஆகியவை நமது சென்னை ஜி. பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகள். அங்கே அசலும் உண்டு, அசலின் பெட்டியில் அடைத்த போலியும் உண்டு. பழைய டர்போவின் மேல் தகட்டில் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே எண்ணுள்ளதை ரசீதுடன் வாங்க வேண்டும். (மாமல்லபுரத்துக்கு அருகே பையனூரில் டர்போ எனர்ஜி நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. காஷ்மீரி கேட்டில் நாம் பேரம் பேசும் பொருள் நம் ஊர்ப்பக்கமிருந்தே ரயிலேறி வந்ததாகவும் இருக்கலாம்.) நடுப்பகுதியை மட்டும் மாற்றிச் செப்பனிட்ட டர்போவும் கிடைக்கும், விலை குறைவு. அதனை உரிய யந்திரத்தில் சுழற்றி நிறை சமன் செய்திருக்கிறார்களா என்று கேட்காமல் வாங்கலாகாது. லட்சம் சுற்றில் ஒரு கடுகளவு எடை வேறுபாடும் தண்டை முறித்துவிடும்.

கழற்றும் வேலை பின்வருமாறு. முதல்நாள் இரவே புகைப் பக்கத்து நட்டுகளின்மேல் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் வெந்து ஆறிய ஸ்டட்டுகள் அவை. வலிந்து திருகினால் முறியும். முறிந்தால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். மறுநாள் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் செல்ல நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தல் அறவே கூடாது. கெட்டித் தரையில் ஸ்டாண்டு கொடுத்தே ஆகவேண்டும். எண்ணெயை வடித்து, டர்போவுக்குத் தண்ணீர்க் குழாய் இருந்தால் கூலண்டையும் வடியுங்கள். பின்னர்க் காற்று ஓஸ்கள், எண்ணெய் வரும் குழாய், எண்ணெய் திரும்பும் குழாய், சைலன்சர் இணைப்பு, இறுதியில் மேனிபோல்டு நட்டுகள். டர்போவை ஆக்சுவேட்டரின் கம்பியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. திறந்த ஒவ்வொரு துளையையும் சுத்தமான துணியால் அடைத்து, எத்தனை துணி வைத்தோம் என்று எழுதிவையுங்கள். உள்ளே மறந்துவிட்ட ஒரு துணியோ வாஷரோ புதிய டர்போவுக்கு எமன்.

இப்போது பழைய டர்போ நம் கையில் இருக்கிறது. பெரும்பாலோர் இதை மூலையில் எறிந்துவிட்டுப் புதியதைப் பிரிக்க விரைவார்கள். அவ்வாறு விரையாமல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, நல்ல வெளிச்சத்தில், பிணத்தைச் சோதிக்கும் வைத்தியரைப் போல அதைச் சோதிக்க வேண்டும்.

காற்றுச் சக்கரத்தின் இறகு முனைகள் நசுங்கியோ, மணலால் அரித்தது போல வழவழப்பாக மெலிந்தோ இருந்தால், குற்றவாளி ஏர் பில்டர் பக்கத்திலிருந்து வந்தது. பில்டர் கிழிந்திருக்கும், அல்லது அதன் பெட்டி சரியாக மூடாமல் இருக்கும். ராஜஸ்தானத்திலும் குஜராத்தின் வறண்ட பகுதிகளிலும் ஓடும் வண்டிகளில் இது மிகுதி. உள்ளே புகும் காற்றுக்குக் காவல் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய எஞ்சினும் தோற்கும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1952ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் கம்மின்ஸ் நிறுவனத்தின் டர்போ பூட்டிய டீசல் கார் ஒன்று கலந்துகொண்டது. தகுதிச் சுற்றில் எல்லாரையும் வென்று முதலிடத்தில் நின்று பந்தயத்தைத் தொடங்கியது. ஆனால் அதன் காற்று வாய் தரைக்கு மிக அருகே அமைந்திருந்தது. ஓடுபாதையில் சிதறிய டயர் ரப்பர்த் துணுக்குகள் அதில் அடைத்துக்கொள்ள, 71 சுற்றுகளோடு அது வெளியேற நேர்ந்தது.

புகைச் சக்கரத்தின் இறகுகள் அடிபட்டிருந்தால், எஞ்சினுக்குள்ளிருந்தே ஏதோ ஒன்று உடைந்து வந்திருக்கிறது: குளோ பிளக்கின் நுனி, வால்வின் துண்டு, மேனிபோல்டின் செதில். அதைக் கண்டறியும் வரை புதியதை மாட்டுவதில் பொருளில்லை. தண்டு நீலம் பாய்ந்து கருகியிருந்தால் எண்ணெய் வரவில்லை என்று பொருள். தண்டும் புஷ்ஷும் கோடு கோடாகக் கீறியிருந்தால் எண்ணெய் வந்தது, ஆனால் அழுக்கோடு வந்தது. நடுக்கூட்டில் எண்ணெய் கரியாகி இறுகியிருந்தால், நெடுஞ்சாலையில் விரைந்து வந்த வண்டியைச் சட்டென்று நிறுத்திச் சாவியைத் திருப்பும் பழக்கம் அதற்குக் காரணமாகலாம். எண்ணெய் ஓட்டம் நின்றுவிட, புகைப் பக்கத்தின் கொதிப்பு உள்ளே தங்கிய எண்ணெயைத் தீய்த்துவிடுகிறது. நெடுந்தூர லாரி ஓட்டுநர்கள் தாபாவில் வண்டியை நிறுத்தியதும் ஓரிரு நிமிஷம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு இறங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அது சோம்பல் அன்று.

மற்றொரு வகையும் உண்டு. பலரை ஏமாற்றுவது இதுதான். தண்டு ஆடவில்லை, இறகுகள் நலம். ஆயினும் இருபுறமும் எண்ணெய் வழிகிறது. இங்கே டர்போ குற்றமற்றது. எண்ணெய் திரும்பும் குழாய் அடைத்தோ மடங்கியோ இருக்கும், அல்லது பிரீதர் அடைத்து எஞ்சினுள் அழுத்தம் ஏறியிருக்கும். அக்குழாயில் எண்ணெய் தன் எடையாலேயே கீழே வழிந்து சம்ப்பை அடைய வேண்டும். வழியில் தடை நேர்ந்தால் சீல்களைத் தாண்டி வெளியேறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இதை அறியாமல் நல்ல டர்போவைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

காரணம் புலப்பட்டபின் சுத்தம் செய்தல். எண்ணெய் வரும் குழாயைக் கழுவி மீண்டும் மாட்டலாமா என்று கேட்பார்கள். கூடாது என்பதே நம் முடிவு. அதன் உட்சுவரில் படிந்த கரி, கழுவும்போது இளகி, ஓடும்போது உதிர்ந்து, நேரே புதிய புஷ்ஷுக்குள் போய்ச் சேரும். டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் புதுக் குழாயின் விலை சொற்பம். அக்குழாயின் துளை போல்ட்டில் சில எஞ்சின்களில் ஒரு சிறு சல்லடை ஒளிந்திருக்கும். தேடிப் பார்த்து மாற்றுங்கள். எண்ணெய் இணைப்புகளில் கேஸ்கெட் பசை எதுவும் தடவ வேண்டாம். பிதுங்கிய பசைத் துணுக்கு குழாயை அடைக்கும். வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மினுங்கினால் சம்ப்பைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையையும் கழுவ வேண்டும்.

இண்டர்கூலரை மறப்பவர்கள் மிகப் பலர். பழைய டர்போ கக்கிய எண்ணெய் அதற்குள் தேங்கியிருக்கும். கால் லிட்டரும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். அதைக் கழற்றித் தலைகீழாக ஓர் இரவு வடியவிட்டு, எண்ணெய் நீக்கும் திரவத்தால் அலசி, ஈரம் சிறிதுமின்றி உலர்த்தி மாட்ட வேண்டும். ஓஸ்களையும் அவ்வாறே துடைக்க வேண்டும். இவ்வாறு வற்புறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் எரிபொருளே. டர்போவிலிருந்தோ இண்டர்கூலரிலிருந்தோ எண்ணெய் பெருமளவில் உள்ளே சென்றால் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு தானே வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது; ஏனெனில் சாவி நிறுத்துவது டீசலை மட்டுமே. எஞ்சின் வெறிகொண்டு அலறி, எண்ணெய் தீரும் வரை, அல்லது உடைந்து சிதறும் வரை ஓடும்.

அந்த நிலை நேர்ந்தால் செய்ய வேண்டியதை வண்டியை இயக்கும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் பிரேக்கை முழுதும் மிதித்து, மிக உயர்ந்த கியரில் இட்டு, கிளச்சை விட்டுவிட வேண்டும். எஞ்சின் திணறி அணையும். கியர் தானாக மாறும் வண்டிகளில் இது பயன்படாது. காற்று வாயை ஒரு தட்டையான பலகையால் அடைப்பதே வழி. கையால் அடைக்க முயலலாகாது, துணியை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டுக்கும் நேரமில்லாதவாறு வேகம் ஏறிவிட்டால் எல்லாரையும் விலக்கிக்கொண்டு தூரப் போய்விடுங்கள். எஞ்சினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதன்முறை இயக்கும்போது பலகையோடு ஒருவர் அருகில் நிற்பதும், தீயணைக்கும் கருவி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அவசியம். பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

மாட்டுவது கழற்றியதன் மறுதலை. கேஸ்கெட்டுகளும் செம்பு வாஷர்களும் யாவும் புதியனவாக இருக்கட்டும். நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, முடிவில் அந்த வண்டிக்குரிய கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். ஆக்சுவேட்டர் கம்பியின் நீளத்தை ஆலையில் அமைத்தபடியே விட்டுவிடுங்கள். அதைத் திருகினால் இழுவை கூடும் என்று ஆசைகாட்டுவோர் உண்டு. ஏர் பில்டர் புதிது, ஆயில் பில்டர் புதிது, எண்ணெயும் கையேட்டில் சொன்ன தரத்தில் புதிது.

எண்ணெய்க் குழாயை மாட்டுமுன் டர்போவின் மேல்துளையில் புத்தம்புது எண்ணெயை ஊற்றி, சக்கரத்தை விரலால் பலமுறை சுழற்றி, புஷ்ஷுகள் நனைந்துவிட்டன என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுழலச் செய்ய வேண்டும். பழைய வகைப் பம்ப்பாயின் டீசலை நிறுத்தும் சாலினாய்டின் கம்பியையும், காமன் ரெயில் வகையாயின் இன்ஜெக்டர்களின் மின் இணைப்புகளையும் கழற்றிவிட்டால் போதும். பாட்டரியை மாட்டி, பத்துப் பத்து விநாடியாக, இடையிடையே ஸ்டார்ட்டருக்கு ஓய்வு கொடுத்துச் சுழற்றுங்கள். திரும்பும் குழாயைக் கீழ்முனையில் தளர்த்தி ஒரு டப்பாவை வைத்திருந்தால் எண்ணெய் சொட்டுவது கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் அழுத்த விளக்கும் அணைந்திருக்க வேண்டும். அந்தச் சொட்டைக் காணும் வரை எஞ்சினைப் பற்றவைக்க வேண்டாம். புதிய டர்போக்களில் பல, இந்த ஐந்து நிமிஷப் பொறுமை இல்லாமையாலேயே மடிகின்றன.

இணைப்புகளை மாட்டி எஞ்சினைப் பற்றவைத்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிஷம் மெல்ல ஓடவிடுங்கள். எண்ணெய்க் கசிவு, தண்ணீர்க் கசிவு, புகை வெளியேறும் ஓசை எங்கேனும் உண்டா என்று டார்ச்சு கொண்டு பாருங்கள். சூடான புகைக்குழாயின்மேல் எண்ணெய் சொட்டினால் தீப்பற்றும். உடனே அணைத்துவிட வேண்டும். சைலன்சரில் இருந்து முதலில் நீலப் புகை வருமே என்று திகைக்க வேண்டியதில்லை. பழைய டர்போ அதற்குள் விட்டுச் சென்ற எண்ணெய் எரிகிறது. இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டியபின் அது மறைய வேண்டும். மறையாவிட்டால் திரும்பும் குழாயையும் பிரீதரையும் மறுபடி பாருங்கள். எஞ்சின் ஆறியதும் எண்ணெய், கூலண்ட் அளவுகளைச் சரிசெய்யுங்கள். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் அடைத்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் சேர்ப்பிக்கலாம். குடியிருப்புச் சங்கத்தாரோடு வரும் சச்சரவும் அதனால் தவிரும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பின், எஞ்சின் ஆறிய நிலையில், நட்டுகளையும் கிளிப்புகளையும் ஒருமுறை சோதியுங்கள். 1,000 கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயையும் ஆயில் பில்டரையும் மீண்டும் மாற்றிவிடுவது நல்லது. அப்போது கழற்றிய பில்டரை எறியாமல், அதன் தகரத்தை அறுத்துத் திறந்து, உள்ளேயுள்ள தாள் மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். மடிப்புகள் கறுத்து மட்டும் இருந்தால் வண்டியைக் கவலையின்றி ஊர்ப் பயணத்திற்கு எடுக்கலாம். பொன்னிறத்திலோ வெள்ளி நிறத்திலோ பொடி மினுங்கினால் அந்தத் துகள் எஞ்சினின் பேரிங்குகளிலிருந்து வருகிறது. அடுத்துக் கழற்ற வேண்டியது சம்ப்.